ரம்புக்கனையில் இருவர்

பொம்பார்டியரோடு பேச வேண்டுமானால் அவருடைய வலது பக்கம் உட்கார வேண்டும். இடது காது கேட்காது. நானாவின் தேநீர்க் கடைக்கு வருகிற எல்லோருக்கும் இது தெரியும் என்பதால், சுவரோடு ஒட்டிய வாங்கின் இடக்கோடி அவருக்கென்றே விடப்பட்டிருக்கிறது. பக்கத்தில் லான்ஸ் கோப்ரல். அவர் வந்ததும் முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றி, இடது காலை வாங்கின் அடிக்குள் இழுத்துக்கொள்வார். அந்தக் காலில் விரல்கள் இல்லை. யாரும் பார்த்துவிடக் கூடாதே என்ற கூச்சமும், எல்லோரும் பார்த்தாயிற்று என்ற அலுப்பும் அந்த ஓர் அசைவிலேயே தெரியும்.

பெயர்கள் இங்கே வேண்டாம், படையில் இருந்த பதவி போதும். பொம்பார்டியர் இலங்கைப் பீரங்கிப் படையணியில் இருந்தவர், லான்ஸ் கோப்ரல் காலாட்படை. இருவரும் ஓய்வூதியத்தோடு ஊருக்கு வந்து, பிறகு ரஷ்யாவுக்குப் போய், உக்ரைன் மண்ணில் ரஷ்யாவுக்காகப் போர் செய்துவிட்டுத் திரும்பியவர்கள். எப்படிப் போனார்கள் என்பதை விரிவாகப் பேசுவார்கள். எப்படித் திரும்பினார்கள் என்பதைக் கடையில் பேசுவதில்லை.

கொழும்பு கோட்டையிலிருந்து வருகிற இரட்டை ரயில் பாதை ரம்புக்கனையில் முடிகிறது. இதற்கு அப்பால் ஒற்றைத் தண்டவாளம் கடுகண்ணாவை வரை மலையேறுகிறது. அதனால் கந்தோர் ரயில்கள் பலவற்றுக்கு இதுவே கடைசித் தரிப்பிடம். பொழுது சாயும்போது கொழும்பிலிருந்து வந்த சனம் பையும் குடையுமாக இறங்கி, ஓட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் பிரிந்துபோகும். கடையில் பிளேன்டீ தட்டுத் தட்டாகப் போகும். கித்துல் கருப்பட்டித் துண்டை உள்ளங்கையில் வைத்துக் கடித்துக்கொண்டு குடிப்பது இந்தப் பக்கத்து வழக்கம். ரஷ்யாவில் இருந்தபோது தினமும் நினைத்தது இதைத்தான் என்று லான்ஸ் கோப்ரல் ஒரு நாள் சொன்னார்.

நான் தோட்டப் பள்ளிக்கூடமொன்றில் படிப்பிக்கிறவன். பஸ் வரும்வரை அதே வாங்கின் மற்றக் கோடியில் இருப்பேன். அவர்கள் சிங்களத்தில் பேசுவார்கள். கேகாலைத் தோட்டங்களில் பிறந்த எங்களுக்கு லயத்தைத் தாண்டினால் அதுதான் மொழி. ஆனாலும் நெடுநாள் நான் பேச்சில் கலந்துகொண்டதில்லை. ஆமிக்காரர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்காமல் இருப்பது சிறு வயதிலேயே எங்களுக்குப் பழக்கப்பட்டது. யுத்த காலத்தில் அப்பா சட்டையைக் கழற்றினாலும் அடையாள அட்டையைக் கழற்றமாட்டார், அது பனியனுக்குள் இருக்கும். ரயிலில் ஆமிக்காரர் ஏறினால் பேச்சு தமிழில் போய்க்கொண்டிருந்தாலும் நின்றுவிடும். அந்தப் பழக்கம் என்னிடமும் இருக்கிறது. அதனால் இந்த இருவரின் கதையில் பெரும்பகுதி, பேசாமல் இருந்ததால் எனக்குக் கிடைத்தது.

அவர்கள் ஏன் போனார்கள் என்பதற்கு இந்த ஊரே சாட்சி. 2022 ஏப்ரல் 19ஆம் திகதி ரம்புக்கனை ரயில்வே கடவையில் சனம் தண்டவாளத்தை மறித்து நின்றது. அன்று 92 ரக பெற்றோல் லீற்றருக்கு 338 ரூபாவாக ஏறியிருந்தது. பின்னேரம் பொலிஸார் சுட்டார்கள். ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. ஓய்வூதியம் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. 2023 ஜனவரியில், இரண்டு இலட்சம் பேர் கொண்ட இராணுவம் 2024க்குள் 1,35,000 ஆகவும் 2030க்குள் ஒரு இலட்சமாகவும் குறைக்கப்படும் என்று பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. துவக்குப் பிடிப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் கிராமங்களில் வீட்டு வாசலில் இருந்தார்கள். அந்த வாசலுக்குத்தான் முகவர்கள் வந்தார்கள். மாதம் 2,000 டொலருக்கு மேல் சம்பளம். முன்னரங்கு வேலை இல்லை, முகாமில் உதவி வேலை, சமையல், காவல். பிறகு ரஷ்யக் குடியுரிமையும் கிடைக்கும்.

அன்றைய நாணய மாற்றில் 2,000 டொலர் என்றால் ஏறத்தாழ ஆறு இலட்சம் ரூபா. பொம்பார்டியர் மனைவியின் நகையை அடகு வைத்தார். லான்ஸ் கோப்ரல் அப்பாவின் பெயரில் இருந்த காணித் துண்டை ஈடு வைத்தார். சுற்றுலா விசாவில் மொஸ்கோ. அங்கிருந்து ரொஸ்தோவ் பக்கம் ஒரு பயிற்சி முகாம். ரஷ்ய மொழியில் அச்சடித்த தாள்களில் கையெழுத்து. இரண்டு வாரப் பயிற்சி. இருபது வருடம் பயிற்சியெடுத்தவனுக்கு இரண்டு வாரம் போதும் என்று அப்போது நினைத்ததாகப் பொம்பார்டியர் சொன்னார். சொல்லிவிட்டு, தேநீர் ஆறும்வரை கோப்பையைத் தொடவில்லை.

போர் என்றால் சண்டை என்றுதான் நமக்கு நினைப்பு. இவர்கள் பேச்சில் சண்டை மிகக் குறைவு. தோண்டியது, சுமந்தது, காத்திருந்தது, காயாத சப்பாத்து, எலி, தண்ணீர். மாலைக்கு மாலை வருவது இவைதான். கூலி வேலையின் கணக்குகள். எத்தனை அடி ஆழம், எத்தனை கிலோ, எத்தனை மணித்தியாலம், யார் வரவில்லை, யாருடைய பங்கையும் சேர்த்து யார் செய்தது.

பொம்பார்டியருக்கு அங்கே கொடுத்தது 152 மில்லிமீற்றர் பீரங்கி, டி-20. சோவியத் காலத்தது. கண்டவுடனே அவருக்கு அடையாளம் தெரிந்ததாம். இலங்கை இராணுவத்தில் அவர் பழகிய சீனாவின் 66ஆம் ரகப் பீரங்கி இதைப் பார்த்துச் செய்ததுதான். பிடிகள் அதே இடத்தில், சக்கரம் அதே இடத்தில். "கண்ணை மூடிக்கிட்டு வேலை செய்யலாம் மல்லி, அப்பிடி ஒரே மாதிரி. ஆனா இங்க நாம வானத்தப் பார்த்து வேலை செஞ்சதில்லையே" என்றார். அந்த வித்தியாசத்தைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொல்வார். இங்கே வரிசையாகப் பீரங்கிகளை நிறுத்தி, வெட்டவெளியில் நின்று சுட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு பீரங்கி, மரவரிசைக்குள் குழி தோண்டி இறக்கி, மேலே வலை, வலைக்கு மேலே கிளை. வெட்டிய கிளையின் இலை வாடினால் மேலிருந்து பார்ப்பவனுக்கு நிறம் வேறாகத் தெரியும். ஆகவே விடியுமுன் பழைய கிளையை எடுத்துவிட்டுப் புதியதைச் சொருக வேண்டும். பனிக்காலத்தில் இன்னொரு வேலை. சுட்டவுடன் குழல்வாய்க்கு முன்னால் உள்ள பனி கறுத்துப்போகும். ஓடிப்போய் வெள்ளைப் பனியை வாரி அதன் மேல் கொட்ட வேண்டும். சப்பாத்துத் தடத்தையும் கிளையால் கூட்டிவிட வேண்டும்.

குண்டு ஒன்று 43 கிலோவுக்கு மேல். குழியிலிருந்து பீரங்கிக்குக் கைகளில்தான் தூக்க வேண்டும். முனையில் உருகியைத் திருகு, குழலுக்குள் தள்ளு, பின்னால் வெடிமருந்து நிறைத்த பித்தளைக் கோதைப் போடு, கதவை மூடு, விலகு. மூன்று அல்லது நான்கு குண்டு. உடனே எல்லோரும் பங்கருக்குள். பிறகு மணிக்கணக்காக ஒன்றுமில்லை. சில நாள் இரவு முழுவதும் ஒன்றுமில்லை. குளிரில் இரும்பைத் தொட்டால் கைத்தோல் ஒட்டிக்கொள்ளும். சுட்டு வெளியே விழுந்த பித்தளைக் கோது சூடாக இருக்கும், அதைத் துணியில் சுற்றி மாறி மாறி மடியில் வைத்துக்கொள்வார்கள். குண்டு வந்த மரப்பெட்டிதான் விறகு. புகை எழும்பக் கூடாது என்பதால் இருட்டிய பிறகே அடுப்பு. ஒருமுறை வந்த பெட்டிகளின் மேல் எழுத்து ரஷ்ய எழுத்தாக இல்லை. அந்தத் தொகுதியில் ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு தூரம் போனது, குழு முழுவதும் வடகொரியாவைத் திட்டியது. இடது காதைத் தின்றது எதிரியின் குண்டில்லை. தன் கையால் தூக்கிப் போட்ட குண்டுகளின் சத்தம். முதலில் இரைச்சல், பிறகு மணியோசை, பிறகு ஒன்றுமில்லை.

அந்தக் குண்டுகள் எங்கே விழுந்தன என்று அவர் சொன்னதே இல்லை. டி-20 பதினேழு கிலோமீற்றர் எறியும். சுடுபவனுக்குத் தெரிவது ஒரு கைபேசித் திரையில் வரும் எண்கள் மாத்திரம். 2009இல் வன்னியில் ஷெல் விழுந்த இடங்களில் இருந்தவர்கள் எழுதியதை வாசித்தவன் நான். பதுங்குகுழிக்கு மேலே சேலையைக் கிழித்து மண்மூட்டை தைத்தவர்களை நேரில் கண்டு பேசியவன். இந்த மனிதர் அந்த ஆண்டில் எங்கே நின்றார் என்று கேட்கும் துணிவு எனக்கு வந்ததில்லை. உக்ரைனில் அந்தப் பதினேழாவது கிலோமீற்றரில் இருந்த வீடு யாருடையது என்றும் கேட்கவில்லை. ஆனால் கேள்வி என்னிடம் இருக்கிறது. அவர் கருப்பட்டியை உடைத்து என் பக்கமும் ஒரு துண்டை நீட்டும்போதெல்லாம் அது இருக்கிறது. அவருடைய துயரம் உண்மை என்பதால் அந்த வீட்டுக்காரரின் துயரம் குறைந்துவிடாது.

லான்ஸ் கோப்ரலின் போர் வேறு. அவர் நிலத்துக்குள் இருந்தவர். முன்வரிசைக்கு வாகனம் போகாது, போனால் ட்ரோன் அடித்துவிடும். ஆகவே கடைசிப் பல கிலோமீற்றர் நடைதான். அதுவும் விடியலுக்கு முந்திய அரையிருட்டில், ஆளுக்கு ஆள் தூரம் விட்டு. முதுகில் ரவை, தண்ணீர்ப் போத்தல், பற்றரி, மண்வெட்டி. சேறு கறுப்பு. மழைக்குப் பிறகு சப்பாத்தை விடாது, ஒவ்வோர் அடிக்கும் காலைப் பிடுங்கி எடுக்க வேண்டும். அகன்ற கோதுமை வயல்களுக்கு நடுவே, காற்றைத் தடுக்கச் சோவியத் காலத்தில் நட்ட மரவரிசைகள். அந்த வரிசைகளுக்குள்தான் இரண்டு பக்கத்துக் காலாட்படையும் குடியிருக்கிறது. "நம்ம ரப்பர் தோட்டம் தை மாசம் இலை உதிர்ந்து நிக்குமே, அதே மாதிரி. பால் வெட்டுறதுக்கு ஆள் வராத ரப்பர்த் தோட்டம்" என்றார். இந்தப் பக்கத்து ஆளுக்கு இதைவிடச் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் இலை உதிரும் காலத்தில் பால் குறையும், வேலை நாள் குறையும், லயத்தில் கடன் ஏறும்.

நிலம் உறைந்திருக்கும்போது மேல் மண்ணுக்கு அலவாங்கு வேண்டும், அதற்குக் கீழேதான் மண்வெட்டி இறங்கும். தோண்டிய மண்ணை வெளியே குவிக்கக் கூடாது. பையில் கட்டி இருட்டில் தூரக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். மேலே மரக்குற்றி, அதன் மேல் மண், அதன் மேல் இலை. உள்ளே நாலு பேர் முழங்கால் மடக்கிப் படுக்கலாம். வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஒரு தகர டின். அதற்குள் அட்டையைச் சுருட்டி வைத்து, உருக்கிய மெழுகை ஊற்றிச் செய்த விளக்கு. இவற்றைப் பள்ளிப் பிள்ளைகள் செய்து அனுப்புவார்களாம். டின்னின் மேல் சில சமயம் பூவோ வீடோ வரைந்திருக்கும். அதன் கரி மூக்கிலும் தொண்டையிலும் படிந்து, துப்பினால் எச்சில் கறுப்பாக வரும்.

எலியைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். 2023 குளிர்காலத்தில் அந்த வயல்களில் எலி பெருகியது. அறுக்கப்படாத தானியம், ஆள் இல்லாத வயல். உறைபனி தொடங்கியதும் எலியெல்லாம் சூடு தேடிப் பங்கருக்குள் இறங்கிவிட்டன. தூங்கும் பையைக் கடித்தன, தொலைத்தொடர்பு வயரைக் கடித்தன, பிஸ்கட்டைப் பெட்டியோடு தின்றன. தூக்கத்தில் முகத்தின் மேல் ஓடும். முதல் வாரம் விரட்டினாராம். பிறகு இரண்டு கையையும் கம்பளிக் கையுறைக்குள் விட்டு, தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டு தூங்கப் பழகிவிட்டார்.

சாப்பாடு பச்சைப் பெட்டியில் வரும். கெட்டிப் பிஸ்கட், டின் இறைச்சி, பக்வீட் கஞ்சி, ஜாம், தேயிலைப் பை, சீனி. ஊரில் மாட்டிறைச்சி தொடாதவர். அங்கே முதல் நாள் அதை நீக்கிவிட்டுக் கஞ்சி மட்டும் சாப்பிட்டார், மூன்றாம் நாள் டின்னை வழித்தார். சோறு இல்லை. தண்ணீர்ப் போத்தலை உடம்போடு கட்டிக்கொண்டு படுக்காவிட்டால் காலையில் அது பனிக்கட்டி. பின்வரிசையில் ஓய்வுக்கு இருந்த வீடொன்றின் அடுப்பங்கரையில் சிங்க முத்திரை போட்ட தேயிலைப் பெட்டி இருந்ததாம். வீட்டுக்காரர் போய்விட்டார், பெட்டி இருந்தது. ரஷ்யாவும் உக்ரைனும் இலங்கைத் தேயிலையை நெடுங்காலமாக வாங்குபவை. சப்ரகமுவையின் தாழ்நிலத் தேயிலையில் பெரும்பகுதி போவதும் ரஷ்யாவுக்கும் மேற்காசிய நாடுகளுக்கும்தான். அந்தப் பெட்டிக்குள் இருந்த இலையை எங்கள் தோட்டத்துப் பெண் யாராவது கிள்ளியிருக்கலாம். அதை அவர் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தோன்றியது.

பகலில் வெளியே வர முடியாது. சிறுநீர் போத்தலுக்குள். ட்ரோனை ரஷ்யச் சிப்பாய்கள் 'ப்திச்கா' என்பார்கள், குருவி என்று அர்த்தம். அது பறக்காத நாள் மூடுபனி நாள்தான். மூடுபனி இறங்கினால் ஆட்கள் வெளியே வந்து நிமிர்ந்து நிற்பார்கள், உடுப்பை உதறுவார்கள், காயப்பட்டவனைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். காயம்பட்டவனுக்கு முதல் வைத்தியம், காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டும் பட்டி. கட்டிவிட்டு இருட்டும்வரை காத்திருக்க வேண்டும், இருட்டினாலும் வெப்பத்தைப் பார்க்கும் கமரா இருக்கிறது. மணிக்கணக்கில் கட்டு அவிழாமல் கிடந்தால், குண்டு எடுக்காத காலை அந்தக் கட்டே எடுத்துவிடும். இவருடைய விரல்களை எடுத்தது அதுவும் இல்லை. ஈரம். காலுறை காயாத வாரங்கள். முதலில் மரத்தது, பிறகு வெளுத்தது, பிறகு கறுத்தது. கறுத்த பிறகும் காவலுக்கு நின்றார். மாற்றுவதற்கு ஆள் வரவில்லை.

ஒரு நாள் கடைக்கு எதிரே வீதியோரப் புல்லை வெட்ட ஆள் வந்தது. தோளில் மாட்டிய இயந்திரம் உயர்ந்த குரலில் கத்தத் தொடங்கியது. லான்ஸ் கோப்ரலின் கையிலிருந்த கோப்பை அப்படியே நின்றது. தலை தூக்கவில்லை. கண் மட்டும் கூரைக்குப் போய், கூரையிலிருந்து கதவுக்கு வந்து, கதவிலிருந்து எங்களுக்கு வந்தது. கடைக்குள் எத்தனை பேர் என்று எண்ணுகிறார் என்பது எனக்கு விளங்கியது. பொம்பார்டியர் அவருடைய முழங்காலில் கையை வைத்தார். ஒன்றும் பேசவில்லை. நானா வெளியே போய்ப் புல்வெட்டுகிறவரிடம் ஏதோ சொன்னார், அந்த ஆள் தலையாட்டிவிட்டுத் தண்டவாளப் பக்கம் நகர்ந்து வெட்டினார்.

இந்தத் தீவிலிருந்து அந்நியர் போருக்கு ஆள் போவது புதிதில்லை. 1914 ஒக்டோபரில் தோட்டத்துரைமாரின் ரைபிள் படை கொழும்பில் கப்பலேறி எகிப்துக்குப் போய், அடுத்த ஆண்டு கலிப்பொலிக் கரையில் தளபதி பேர்ட்வுட்டுக்குக் காவல் நின்றது. 1942 மே 8ஆம் திகதி இரவு, கொக்கோஸ் தீவுகளில் பிரிட்டனுக்காகப் பீரங்கிக் காவலில் இருந்த இலங்கைக் காவற் பீரங்கிப் படையினர் சிலர் தங்கள் அதிகாரிக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். தலைமை தாங்கிய கிரேஷியன் பெர்னாண்டோவும் ஒரு பொம்பார்டியர்தான். ஆகஸ்டில் வெலிக்கடைச் சிறையில் அவரையும் இன்னும் இருவரையும் தூக்கிலிட்டார்கள். இவர்களுக்கெல்லாம் ஓர் அரசு பொறுப்பாக இருந்தது, கொன்றபோதும் பெயர் எழுதிக் கொன்றது. ரஷ்யாவுக்குப் போனவர்களின் கணக்கு வெளியே வருவதற்கே நாட்பட்டது. 2024 மே மாதம் பதினாறு பேர் இறந்ததாகப் பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் பிரமித பண்டார தென்னக்கோன் அறிவித்தார். 2025 தொடக்கத்தில் வெளிவிவகார அமைச்சர் விஜித ஹேரத் பாராளுமன்றத்தில் சொன்ன கணக்கு: ரஷ்யப் படையில் சேர்ந்த இலங்கையர் 554 பேர், இறந்தது உறுதியானவர்கள் 59 பேர்.

எனக்கு இவர்களுடைய கதையில் மிகவும் பழக்கமானது முகவரும் கடனும்தான். என் பூட்டன் இந்த மண்ணுக்கு வந்ததும் அப்படித்தான். கங்காணி ஊருக்கு வந்தார், முற்பணம் தந்தார், தேயிலை மரத்தின் அடியைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்றார். வந்து சேர்ந்தபோது கப்பற்செலவு, வழிச்செலவு எல்லாம் பெயரில் கடனாக ஏறியிருந்தது. தோட்டம் மாறினாலும் 'துண்டு' என்ற அந்தக் கடன் சீட்டு கூடவே மாறியது. அந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, எங்களை ரயிலில் மறித்து அடையாள அட்டை கேட்ட படையின் ஆட்கள் அதே வழியில் கூட்டிச்செல்லப்பட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டு எனக்கு ஒரு திருப்தியும் வரவில்லை. வயிறு எரிகிறது. வறுமைப்பட்ட வாசலைக் கண்டுபிடிக்கிற கண் முகவருக்குத் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது.

இப்போது அந்தக் கண் இன்னும் கொஞ்சம் மேலே, லயத்துப் பக்கம் திரும்பியிருக்கிறதோ என்று எனக்குப் பயம். புறக்கோட்டையில் துணிக்கடையொன்றில் நிற்கிற எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன், ஒரு நாள் ரயிலில் இறங்கி நேரே வாங்குக்கு வந்தான். என்னைக் கண்டு கொஞ்சம் தயங்கினான். பிறகு பொம்பார்டியரின் இடப்பக்கம் சுவரோரமாக நின்று கேட்டான். அவருக்குக் கேட்கவில்லை. வலப்பக்கம் வந்து மறுபடி கேட்டான்.

"அய்யே, ஆமியில இல்லாத ஆளையும் எடுக்கிறாங்களாமே?"

"யார் சொன்னது?"

"கடைக்கு வார ஒருத்தர். சமையல் வேலையாம்."

பொம்பார்டியர் லான்ஸ் கோப்ரலைப் பார்த்தார். லான்ஸ் கோப்ரல் வாங்கின் அடியிலிருந்து காலை எடுத்து, எல்லோரும் பார்க்க, ஸ்டூலின் மேல் வைத்தார். நான் அந்தக் கடைக்குப் போகத் தொடங்கியதிலிருந்து அவர் அப்படிச் செய்து கண்டதில்லை. "எனக்கும் அப்பிடித்தான் சொன்னாங்க தம்பி" என்றார். தம்பி என்ற சொல்லைத் தமிழிலேயே சொன்னார்.

பையன் காலைப் பார்த்தான். பார்த்துவிட்டும் சம்பளம் எவ்வளவு என்றுதான் கேட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனுடைய அம்மாவின் தொழிலுக்கு 2024 செப்டெம்பரில் தீர்மானிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. மாதம் இருபத்தைந்து நாள் பெயர் விழுந்தால் 33,750. ஆறு இலட்சத்தை அதால் வகுக்கக் கைபேசி தேவையில்லை, அவன் மனதுக்குள் வகுத்தாயிற்று என்பது முகத்தில் தெரிந்தது. பொம்பார்டியர் கோபப்படாமல், நிதானமாகக் கணக்குச் சொன்னார். முகவருக்குக் கொடுத்தது இவ்வளவு, வட்டி இவ்வளவு, கைக்கு வந்த மாதங்கள் இவ்வளவு, வராத மாதங்கள் இவ்வளவு, திரும்பி வரச் செலவு இவ்வளவு. கடைசியில் மிஞ்சியது அடகில் இருக்கும் நகை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஐரோப்பா போவதற்குக் கிளம்பிய தமிழ்ப் பையன்கள் ரஷ்யப் படையில் வலுக்கட்டாயமாகச் சேர்க்கப்பட்டதாக அவர்களின் குடும்பங்கள் முறையிட்டிருப்பதை அப்போது நான் சொன்னேன். அந்த வாங்கில் நான் முதன்முதலாகப் பேசியது அது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பையன் என்னிடம், "மாஸ்டர், வீட்டுல சொல்லிராதீங்க" என்றான். நான் சொல்லப்போவதாகச் சொன்னேன். அன்று இரவே அவனுடைய அம்மாவைப் போய்ப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவர்களோடு பேசுகிறேன். பேசத் தொடங்கியதும் ஒரு வேலை வந்தது. இவர்களோடு ஒரே விமானத்தில் போன ஒருவர் திரும்பவில்லை. இறந்தோர் பட்டியலிலும் பெயர் இல்லை, உயிரோடு இருப்பதாகவும் தகவல் இல்லை. அவருடைய மனைவி பக்கத்துக் கிராமம். கொழும்புக்குப் பலமுறை அலைந்துவிட்டார். ஒவ்வோர் அலுவலகமும் இன்னோர் அலுவலகத்தைக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வேண்டும் என்று பொம்பார்டியர் அவரைக் கடைக்குக் கூட்டிவந்தார். பிள்ளையின் கொப்பியிலிருந்து கிழித்த இரண்டு தாள்களை அந்த அம்மாவே கொண்டுவந்திருந்தார்.

காணாமற்போனவரைக் கடைசியாகக் கண்ட இடத்தையும் மாதத்தையும் லான்ஸ் கோப்ரல் சொன்னார். படைப்பிரிவின் எண்ணைப் பொம்பார்டியர் சொன்னார். அந்த அம்மா கணவரின் கடவுச்சீட்டு எண்ணை மனப்பாடமாகச் சொன்னார், ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. நான் எழுதினேன். எந்தப் பிரிவில் இருந்தார், எந்த நாளோடு தொடர்பு அற்றது, ஒப்பந்தத்தின் பிரதி யாரிடம் இருக்கிறது, நிலுவைச் சம்பளம் எங்கே, உடல் கிடைத்திருந்தால் மரபணுச் சோதனைக்கு இங்கே யாரிடம் மாதிரி கொடுப்பது. எழுதியதைச் சிங்களத்தில் வாசித்துக் காட்டினேன். அந்த அம்மா கவனமாகக் கேட்டுவிட்டு, ஒன்று விட்டுப்போயிற்று என்றார். கணவரைச் சமையல் வேலைக்கென்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள், அதை முதல் வரியில் எழுத வேண்டும் என்றார். மற்றத் தாளை எடுத்து, முதலிலிருந்து எழுதினேன்.